பச்சைக்கால் கட்டில்

கட்டிலை ஏற்றிப்போக வந்த மாட்டுவண்டியில்தான் செல்லாயியும் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பினாள். வண்டி வந்தது கட்டிலுக்காகத்தான். பதினாலு கட்டில், பதினாலு கொசுவலை, இரண்டு அரிக்கேன் விளக்கு என்று மேட்டுத்தோட்டத்துத் துரை தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆட்களைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. நடக்க முடிந்த ஒன்பது பேர் வண்டிக்குப் பின்னால் சேற்றில் நடந்து வந்தார்கள். செல்லாயியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வண்டிக்கார ராமையா இரும்புக் கட்டில்களுக்கு நடுவே சாக்கை மடித்துப் போட்டு அவளை உட்கார வைத்தான். ஐந்து மைலும் ஒரு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கட்டில்கள் துரையின் ஸ்டோருக்குப் போயின. அவள் பத்தாம் நம்பர் லயத்துக்குப் போனாள்.

இது ரப்பர் விலை விழுந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று. மலாயாவில் எங்கள் சித்தியவான் பக்கத்தில் அப்போது ஐந்து தோட்டங்களுக்குச் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. கூட்டாஸ்பத்திரி என்பார்கள். அதற்கு முன்னால் தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை, அதில் ஒரு பெஞ்சு, ஒரு புட்டி விளக்கெண்ணெய், காய்ச்சலுக்குக் கொஞ்சம் கொயினா, அவ்வளவுதான் வைத்தியம். காய்ச்சலோடு உள்ளே போனவனை மூங்கிலில் கட்டித் தூக்கி வருவார்கள். ஒரு தோட்டம் தனியாக ஒரு டாக்டரை வைத்துக் கட்டுப்படியாகாது என்று கண்டு, ஐந்து துரைமாரும் கூடிச் சங்கம் வைத்தார்கள். சங்கம் வந்த பிறகுதான் சிமெண்டுத் தரை போட்ட கட்டடம் வந்தது. வாரத்துக்கு இரண்டு தரம் ஈப்போவிலிருந்து மோட்டாரில் டாக்டர் வந்தார். ரத்தத்தில் பூச்சி பார்க்கிற கண்ணாடி வந்தது. கஞ்சி காய்ச்சத் தனி ஆள் வந்தான். நாலே வருஷத்தில் சாவு பாதியாகக் குறைந்தது. நல்லது நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. பின்னால் நான் கோபப்படப் போகிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்தம் ஐம்பது கட்டில். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு ஆளோ அதற்குத் தக்கபடி பங்கு. யார் பங்கில் யார் படுத்தது என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிமார் சண்டை போடாமலிருக்க, மருந்து கொடுக்கும் டிரெசர் விஸ்வலிங்கம் கட்டில் கால்களுக்குத் தோட்டத்துக்கு ஒரு வர்ணம் பூசிவைத்தார். மேட்டுத்தோட்டத்துக்குப் பச்சை, ஆத்துத்தோட்டத்துக்குச் சிவப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவனைப் பார்த்து, "பச்சைக்கால்ல எத்தன நாளு?" என்றுதான் லயத்தில் கேட்பார்கள்.

விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்தார். வெள்ளை டிரில் கோட்டு, சைக்கிள், குடை. டாக்டர் வராத ஐந்து நாளும் அவர்தான் டாக்டர். சங்கத்துக்கு மனு எழுதுவதும் அவர், கூட்டத்துக்குப் போய்க் கதவோரம் நின்று துரைமார் கேட்கும்போது பதில் சொல்வதும் அவர். அந்தச் சிமெண்டுத் தரையில் யாராவது வெற்றிலை துப்பினால் தன் சட்டையில் துப்பியதுபோல் துடிப்பார். நோயாளியைத் திட்டுவார், ஆனால் கைவிடமாட்டார் என்று பேர். அந்தப் பேர் பொய்யில்லை.

ரப்பர் விழுந்ததும் மேட்டுத்தோட்டத்துக் கம்பெனி சீமையிலிருந்து ஆள் குறைக்கச் சொன்னது, பிறகு சங்கத்திலிருந்து விலகச் சொன்னது. அக்டோபர் கடைசித் தேதியோடு சரி என்று துரை எழுதிவிட்டார்.

அந்தக் கடைசித் தேதி, திங்கட்கிழமை, செல்லாயியின் புருஷன் சின்னையா வேலைக்குப் போகாமல் பெண்டாட்டியைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். செல்லாயிக்கு இரண்டு மாதமாக முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள் உச்சிப்பொழுதில் குளிர் பிடித்து உலுக்கும். உடம்பில் ரத்தமே இல்லை, நகமெல்லாம் சாம்பல். பச்சைக்கால் கட்டிலில் பதினாறு நாள் கிடந்ததில் காய்ச்சல் நின்று, எழுந்து உட்காரவும் கஞ்சி குடிக்கவும் ஆரம்பித்திருந்தாள். இன்னும் ஒரு மாதம் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு.

வண்டியில் கட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது விஸ்வலிங்கம் சின்னையாவைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"இஞ்ச பார். இந்தப் போத்தில்ல ஏழு நாளைக்கு மருந்து இருக்கு. பக்கத்தில கடுதாசியைப் பல்லுப் பல்லா வெட்டி ஒட்டியிருக்கிறன். ஒரு பல்லு ஒரு நேரம். காலமை, மத்தியானம், பின்னேரம். ஒரு பல்லும் தவறக்கூடாது, விளங்குதோ?"

"வெளங்குதுங்கய்யா. அதுக்கப்புறம்?"

"அதுக்குப் பிறகு இவளுக்குக் கட்டில் வேணும். வீட்டில வைச்சுப் பார்க்கிற நோயில்லை இது." அவர் வண்டிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆத்துத்தோட்டம் இன்னும் சங்கத்திலதான் இருக்கு. அங்க உடையப்பன் கங்காணிக்கு ஒரு சோடி ஆள் வேணுமெண்டு கேள்வி. நீங்கள் ரெண்டுபேரும் அங்க பேர் பதிஞ்சால் அடுத்த நாளே கிராணியின்ரை துண்டுக் கடுதாசியோட வரலாம். சிவப்புக் கட்டில் ரெண்டு சும்மா கிடக்குது. கெதியாப் போ. நான் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதை."

சின்னையா அவர் காலைத் தொடப் போனான். "சேறு, சேறு" என்று அவர் விலகிக்கொண்டார்.

அடுத்த நாள் வேலை முடிந்து, கையில் ரப்பர்ப் பால் நாற்றம் போகாமலே, சின்னையா இரண்டு மைல் நடந்து ஆத்துத்தோட்டத்துக்குப் போனான். உடையப்பன் முசிறிப் பக்கத்து ஆள், சின்னையாவோடு ஒரே கப்பலில் வந்தவர். இப்போது கங்காணி. முறை என்று ஒன்றும் இல்லாவிட்டாலும் கப்பலில் வந்த உறவுக்கு மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"எடம் இருக்கு மச்சான், இல்லேங்கல," என்றார் உடையப்பன். "ஆனா புருசன் பொஞ்சாதி ரெண்டு பேரும் வேலைக்கு வேணும். தங்கச்சி சாக்கிட்டுன்னு கேள்விப்பட்டேனே?"

"இப்ப காச்ச இல்ல மச்சான். நின்னுருச்சு."

"எங்கிட்டப் பொய் சொல்லாத. அது எனக்கு வேண்டாம். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல தொரை முன்னாடி வந்து நிக்கணும், நின்னு காட்டணும். அவரு பாத்துச் சரின்னா கிராணி செக்ரோல்ல பேரப் போடுவாரு. அதுக்கப்புறம் அது இந்தத் தோட்டத்து ஆளு, சொகமில்லேன்னா ஆசுபத்திரிக்குத் துண்டு குடுத்துத்தான் ஆகணும்."

"அப்ப ஒருநாள் நின்னாப் போதும்?"

"ஒருநாள் நிக்கணும். விழுந்துறக்கூடாது. வெள்ளிக்கெழமை வெடிகாலையில கூட்டிட்டு வந்துரு. சனிக்கெழமை தொரை ஈப்போவுக்கு ஏதோ கூட்டத்துக்குப் போறாரு."

நோயாளி என்று படுப்பதற்கு, முதலில் நோயில்லை என்று நின்று காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் இதை யாரும் வேடிக்கையாக நினைக்கவில்லை. சின்னையாவுக்கு அது பெரிய நல்ல சேதி. வழியில் சீனன் கடையில் கருவாடு வாங்கிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் பக்கத்து வீட்டு முத்தம்மா செல்லாயிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூன்று வயது நவமணி அம்மாவின் மடியை விடாமல் ஒட்டிக்கிடந்தது. பதினாறு நாள் பிரிவுக்கு அந்தப் பிள்ளை வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டிருந்தது. வெளியில் மழை. அத்தாப்புக் கூரையில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் தகர மங்கு வைத்திருந்தார்கள்.

"அங்க எப்படி இருந்துச்சு சொல்லுடி," என்றாள் முத்தம்மா.

"தொரைசாணியாட்டம் இருந்தேங்க்கா. வெள்ளத் துணி, வல. கொசு வெளியில நின்னு பாட்டுப் பாடும், உள்ள வர ஏலாது. பால்கஞ்சி வேற. அந்த யாழ்ப்பாணத்து ஐயாதான் ஓயாமத் திட்டுவாரு. 'உன்ரை கால் ஏன் வெளியில, உள்ள வை'ம்பாரு. அவரு திட்டுனாத் தூக்கம் வரும் எனக்கு."

சின்னையா உடையப்பன் சொன்னதைச் சொன்னான். "நின்னுருவேன்," என்றாள் செல்லாயி. "எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"பெரட்டு முடியிற வரைக்கும். அரைமணி நேரம்."

"காச்ச வந்துட்டா?"

இந்த இடத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. யோசனையைச் சொன்னவள் முத்தம்மா, ஒத்துக்கொண்டது மூன்று பேரும். புட்டியில் இருக்கிற மருந்து காய்ச்சலை நிறுத்துகிற மருந்து. இப்போது காய்ச்சல் இல்லை. இல்லாத காய்ச்சலுக்கு எதற்கு மருந்தை வீணாக்குவது? அதை அப்படியே வைத்திருந்து, நிற்க வேண்டிய நாள் விடிகாலையில் சேர்த்துக் குடித்துவிட்டால் அன்றைக்குக் காய்ச்சல் கிட்டேயே வராதே. பஞ்சத்தில் பிறந்த ஜனங்கள். அரிசியானாலும் உப்பானாலும் தேவைப்படுகிற நாளுக்கென்று ஒதுக்கி வைத்துத்தான் பிழைத்து வந்தார்கள். மருந்தையும் அப்படியே ஒதுக்கினார்கள். காகிதத்தில் நாலு பல் குறைந்திருந்த புட்டியைச் சின்னையா துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தான்.

புதன் நன்றாகப் போயிற்று. செல்லாயி வாசலில் உட்கார்ந்து கங்குங் கீரை ஆய்ந்தாள். கீரையும் கருவாடும் வைத்துப் பொங்கியதில் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டாள். "ஒடம்பு தேறிருச்சு, பாத்தியா," என்று சின்னையா முத்தம்மாவிடம் பெருமையடித்தான்.

வியாழக்கிழமை உச்சிக்குக் குளிர் வந்தது. பல் கிட்டி, உடம்பு எகிறி எகிறி விழுந்தது. இருந்த இரண்டு கம்பளியையும் சாக்கையும் மேலே போட்டு, அதற்கும் மேலே முத்தம்மா படுத்து அமுக்கினாள். "மருந்தக் குடுத்துருவமா?" என்று அழுதான் சின்னையா. செல்லாயிதான் பல்லுக்கிடையில், "வேணாம், வேணாம், நாளைக்கி வேணும்," என்றாள். மறுநாள் விடிகாலையில் அவளை எழுப்பி நிறுத்தினார்கள். இரண்டடி வைத்தாள். மூன்றாவது அடியில் கதவு நிலையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆத்துத்தோட்டத்துத் துரை ஈப்போவுக்குப் போய்விட்டார். ஞாயிறு லீவு. இனித் திங்கட்கிழமைதான்.

மேட்டுத்தோட்டத்துக் கிராணியிடம் பேர் வெட்டிக்கொள்வது சுலபமாக முடிந்தது. ஆள் போகட்டும் என்று அவர்களே காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மழையில் பானை சட்டியைக் காண்டாக் கழியில் கட்டிச் சின்னையா முன்னால் சுமந்து போனான். பிள்ளையை முத்தம்மா வைத்துக்கொண்டாள். ராமையா துரைக்குத் தெரியாமல் வண்டி கட்டி, செல்லாயியை ஆத்துத்தோட்டத்து லயத்தடியில் இறக்கிவிட்டான். "பாத்துக்க தங்கச்சி, நாளைக்கி ஒரு நாளுதான்லா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிடும் தப்பு அடிப்பதற்கு முன்பே செல்லாயி எழுந்துவிட்டாள். முகத்தில் மஞ்சள் பூசினாள், வெளுப்புத் தெரியக்கூடாது என்று கொஞ்சம் தடிப்பாகவே. வெற்றிலையை மென்று உதட்டைச் சிவப்பாக்கிக்கொண்டாள். நகம் தெரியாமலிருக்க மருதாணி வைக்க நேரமில்லை, கைவிரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். புட்டியைத் திறந்து பாதிக்குமேல் ஒரே மூச்சில் குடித்தாள். கசப்பில் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"எப்படி இருக்கேன்?"

"கண்ணாலத்தன்னிக்கி இருந்த மாரி இருக்க," என்றான் சின்னையா.

பெரட்டுக் களத்துக்குப் போவதற்குள் அவளுக்குக் காது அடைத்துவிட்டது. கொயினா கூடினால் அப்படித்தான், காதுக்குள் வண்டு பறக்கும், ஆள் பேசுவது கேட்காது. வரிசையில் புருஷனுக்குப் பக்கத்தில் நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துரை லாந்தரைத் தூக்கிப் பார்த்தார். "மேட்டுத்தோட்டம்?"

"ஆமாந் தொரைங்களே. அங்க ஆள் கொறைக்கிறாங்க," என்றார் உடையப்பன் முந்திக்கொண்டு.

"இந்த பொம்பளெ பலமா?"

"நல்ல பலம் தொரைங்களே."

துரைக்குத் திருப்தியில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பால் வாளியைக் காட்டித் தண்ணீர் நிரப்பச் சொன்னார். காண்டாவில் மாட்டி ஸ்டோர் வாசல்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். முன்பெல்லாம் இப்படிக் கேட்கிற பழக்கம் கிடையாது. உடையப்பனே திடுக்கிட்டுப் பார்த்தார். சின்னையா அவளைத் தொட்டு, வாளியைக் காட்டி, கையால் ஜாடை செய்தான்.

செல்லாயி தூக்கினாள். ஸ்டோர்வரை போனாள், திரும்பினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வாளியை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து துரையைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தாள். அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் மட்டும் கொஞ்சம் தடுமாறியிருந்தால் துரை திருப்பி அனுப்பியிருப்பார், அன்று முழுக்கப் படுத்திருப்பாள்.

"நல்லது. பேர் போடு," என்றார் துரை.

பெரட்டு கலைந்ததும் சின்னையா கங்காணியிடம் போய், "மச்சான், துண்டு?" என்றான்.

"என்னா மச்சான் வெளையாடுறியா? இப்பத்தான ரெண்டு வாளி தூக்குனா! அஞ்சு நிமிசத்துல சாக்கிட்டுன்னா தொரை என் தோல உரிப்பாரு. இன்னிக்கி ஒருநாள் காட்டுல நிக்கட்டும். மழ ஈரம், பால்வெட்டு இல்ல, புல்லுதான். நாளைக்கி நானே துண்டு வாங்கித் தாரேன்."

லாலான் புல் வெட்டுகிற வேலை. ஆளுக்கு ஒரு நிரை. சின்னையா தன் நிரையில் பத்தடி வெட்டுவான், ஓடிப்போய் அவள் நிரையில் பத்தடி வெட்டுவான். செல்லாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் வரும்போது மட்டும் குனிந்தாள். பத்து மணிவரை வானம் மூடிக்கிடந்தது. அப்புறம் வெயில் வந்து ஈரமெல்லாம் ஆவியடித்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாரிட்டு வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள்.

உடையப்பன் பயந்துபோனார். ஓடிப்போய்க் கிராணியிடம் துண்டு வாங்கிவந்து, தோட்டத்து வண்டியைக் கட்டச் சொன்னார். "வெயிலு அடிச்சிருச்சுன்னு சொல்லு, வேற ஒண்ணும் சொல்லாத," என்று சின்னையாவை ஏற்றிவிட்டார். வண்டியில் அவள் தலை சின்னையாவின் மடியில் கிடந்தது. குளிர் உலுக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒருநாள் முந்தியே துண்டு கிடைத்துவிட்டது. "இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்," என்று மூன்று மைலும் சொல்லிக்கொண்டே வந்தான்.

விஸ்வலிங்கம் வராந்தாவில் நின்று துண்டை வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இண்டைக்கோ பேர் பதிஞ்சது?"

"ஆமாங்கய்யா, இன்னிக்கித்தான். வெள்ளிக்கெழம வர்ற மாரி இருந்துச்சு, காச்ச வந்துருச்சு."

"ஏன் வந்தது? ஏழு நாளைக்கு மருந்து தந்தனானல்லோ?"

சின்னையா உண்மையைச் சொன்னான். சேர்த்து வைத்ததை, காலையில் குடித்ததை எல்லாம் சொன்னான். விஸ்வலிங்கம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, மடையா," என்றார். திட்டுகிற குரல் இல்லை அது.

பிறகு வண்டிக்குக் கிட்டே வந்து, நாடி பிடித்தார், இமையை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பேசினார், சின்னையா முகத்தைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை சங்கம் கூடினது. மேட்டுத்தோட்டத்தில இருந்து வாற ஆக்கள் பேர் பதிஞ்சு மூண்டு மாசத்துக்கு இஞ்ச படுக்கேலாது. சனிக்கிழமையில இருந்து சட்டம். அதுக்கு முந்திப் பதிஞ்சவைக்கு இல்லை."

"மூணு மாசமா?"

"மூண்டு மாசம்."

"தொரைமாருக்குத் தெரியாதுய்யா. நீங்க சொன்னாக் கேப்பாங்க. நீங்கதான எல்லாம் எழுதுறது. ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"கேட்டவை," என்றார் விஸ்வலிங்கம். "நான் சொன்னதைத்தான் கேட்டவை. அந்தச் சட்டத்தை எழுதிக் குடுத்தது நான்."

சின்னையாவுக்குப் புரியவில்லை.

"கேள், பத்து நிமிஷம் கேள். நாலு நாளில பதினொரு பேர் வந்திட்டினம். எல்லாம் மேட்டுத்தோட்டத்து நோயாளியள், மற்றத் தோட்டங்களில போய்ப் பேர் பதிஞ்சு துண்டோட வந்தவை. 'விலகினவன்ரை நோயை நாங்கள் ஏன் சுமக்கவேணும், நாங்களும் விலகிறம்' எண்டு ரெண்டு துரைமார் எழும்பிட்டினம். அவையும் போனால் டாக்டர் இல்லை. டாக்டர் இல்லையெண்டால் இந்தக் கதவைப் பூட்டவேணும். நாலு தோட்டத்துச் சனம் பிறகும் அந்தக் கொட்டிலுக்குத்தான் போகவேணும். நிப்பாட்ட எனக்கு வேற வழி தெரியேல்லை. மூண்டு மாசம் எண்டு எழுதிக் குடுத்தன். அவை இருந்திட்டினம். உன்ரை மனிசி வெள்ளிக்கிழமையே பதிஞ்சிருப்பாள் எண்டு நினைச்சன். வெள்ளி எண்டு உடையப்பன் சொன்னவர். அதாலதான் சனிக்கிழமையெண்டு தேதி போட்டனான்."

உள்ளே, சுவரோரம் இரண்டு சிவப்புக்கால் கட்டில்கள் வெள்ளைத் துணி போட்டபடி இருந்தன. வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும். செல்லாயி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது காலியாத்தானேங்க இருக்கு?" என்றாள்.

"காலியாத்தான் இருக்கு, பிள்ளை."

"கீழ படுத்துக்கவா? தரையில?"

நாலு தோட்டத்துக் கிராணிமாரும் சனிக்கிழமைதோறும் வந்து யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று சரிபார்ப்பதாகப் புதிய ஏற்பாடு. முதல் வாரத்திலேயே ஒரு பெண்ணை உள்ளே விட்டால், எழுந்த துரைமார் மறுபடி எழுவார்கள். இதை விஸ்வலிங்கம் யோசித்தார் என்பது எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் முப்பத்தாறு கட்டில் பெரிதா ஒரு பெண் பெரிதா என்று கணக்குப் பார்த்தால் முப்பத்தாறுதான் பெரிது, அதில் தப்பே இல்லை. தப்பில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. அந்த மனுஷர் ஒருநாள் தப்புச் செய்திருக்கலாம்.

அவர் உள்ளே போய் ஒரு புட்டி மருந்து, ஒரு டின் பால், ஒரு கம்பளி கொண்டுவந்தார். கம்பளி அவருடையது. மருந்தை அவரே ஒரு வேளை புகட்டினார். "ஒரு பல்லும் தவறக்கூடாது," என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். வண்டி திரும்பியது.

செல்லாயி புதன்கிழமை காலையில் செத்துப்போனாள். பெரட்டுக்குப் போயிருந்த சின்னையாவைக் கூப்பிட ஆள் போய், அவன் வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்று அரைநாள் லீவு கொடுத்தார்கள். ஆத்துத்தோட்டத்து மயானத்தில் புதைத்தார்கள். இரண்டு நாள் கழித்து முத்தம்மா நவமணியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். மருந்தைச் சேர்த்து வைக்கச் சொன்ன வாய் இது என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். யாராலும் தடுக்க முடியவில்லை.

எழுந்த துரைமார் இருவரும் சங்கத்திலேயே தங்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரி மூடவில்லை. டாக்டரும் வாரம் இரண்டு தரம் தவறாமல் வந்தார். அந்தக் கட்டிலில் படுத்துப் பிழைத்துப்போனவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை விஸ்வலிங்கம் தோட்டம் தோட்டமாகப் போய் லயத்துச் சாக்கடை பார்ப்பது வழக்கம். அடுத்த வாரம் அப்படி ஆத்துத்தோட்டத்துக்கு வந்தவர், சைக்கிளை மண்பாதையில் நிறுத்திவிட்டு, மரங்களுக்கிடையே சின்னையாவைத் தேடி நடந்து போனார். வெட்டு முடிந்து பால் எடுக்கிற நேரம். சின்னையா மரத்தில் கட்டிய மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றி விரலால் வழித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் தலைத்துணியை அவிழ்த்தான்.

"கேள்விப்பட்டன்," என்றார் விஸ்வலிங்கம்.

"ஆமாங்கய்யா."

கொசு மொய்த்தது. அவர் ஏதோ சொல்லத்தான் வந்திருந்தார். அவன் ஏசினால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். சின்னையா ஏசவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நானே அங்க வரணும்னு இருந்தேன்."

"கேள்."

"புள்ளைக்கிக் குளுருது. முந்தாநேத்து ஒருக்கா, இன்னிக்கி ஒருக்கா. அந்த மூணு மாசம்னு சொன்னீங்களே, அது நான் பேரு பதிஞ்ச அன்னையிலேருந்து சேத்தியா? இல்ல, புள்ள இங்க வந்த நாளுலேருந்து தனியா எண்ணணுமா? அதுக்குப் பேரு பதியலைங்க."

அந்தச் சட்டத்தை எழுதும்போது விஸ்வலிங்கம் பிள்ளைகளை நினைக்கவில்லை. துரைமாரும் நினைக்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் விரல் விட்டு எண்ணினார்.

"உன்ரை பேரோடதான். பெப்ரவரி ஏழு."

"அது தையிங்களா?"

"தை கடைசி."

"பெப்ருவரி ஏழு," என்றான் சின்னையா. அவனுக்கு எழுதத் தெரியாது. மறந்துவிடக்கூடாது என்று, அடுத்த மரத்துக்குப் போகும்போதும் அதைச் சொன்னான். அந்த மரத்துப் பாலை வழித்துவிட்டு அதற்கடுத்த மரத்துக்குப் போகும்போதும், "பெப்ருவரி ஏழு, பெப்ருவரி ஏழு," என்று சொல்லிக்கொண்டே போனான்.